உப்புத்தாள் அக்காவின் பிடி

ஒரு சாண் நீள எஃகுக் குழாயை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணுகிறாள் உப்புத்தாள் அக்கா. குழாய்க்குள் ஊற்றிய தண்ணீர் வடிந்து முடிந்துவிட்டது. உள்சுவரில் மிஞ்சிய ஈரம் ஒரே படலமாக நிற்கிறதா, துளித்துளியாகத் திரள்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். "இருபத்தெட்டு, இருபத்தொம்போது, முப்பது" என்று முடித்து மூச்சு விட்டால் அந்தக் குழாய் தேறியது. முப்பதுக்குள் ஒரு துளி திரண்டாலும் போச்சு. "போடா, போய் இன்னொரு தடவை குளிச்சிட்டு வா" என்று கழுவும் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுவாள்.

பட்டறையில் அந்தக் குழாய்க்குப் பெயர் தொப்பி. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து வார்த்த கம்பிகளின் இரண்டு முனையிலும் அதை மாட்டி ஒட்டுவதுதான் அங்கே தொழில். கம்பி சுண்டுவிரல் பருமன்தான். துருப்பிடிக்காது, எடையும் இல்லை. ஆனால் அதைக் கூரையில் மாட்ட திருகு மரை வெட்டிய எஃகு வேண்டும், அந்த எஃகோ இந்தக் கம்பியோடு தானாகச் சேருகிற ஆள் இல்லை. நடுவில் பசை போட வேண்டும். பசைக்கு முன்னால் அக்கா வேண்டும்.

"பசையை யார் வேணா ஊத்தலாம். ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் பேசித் தயார் பண்ணணும் பாருங்க, அதுதான் வேலை" என்பாள்.

அச்சிலிருந்து வரும் கம்பி புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அழகு, அக்காவுக்கு எரிச்சல். அச்சில் சிக்காமல் வழுக்கி வெளியே வருவதற்காகத் தடவிய மெழுகின் மிச்சம்தான் அந்தப் பளபளப்பு. "அச்சுலயே ஒட்டாம வந்தவன், பசையில மட்டும் ஒட்டிடுவானா?" என்று கேட்டுக்கொண்டே முனையில் உப்புத்தாளைச் சுற்றிப் பிடிப்பாள். பளபளப்பு போக வேண்டும், அதற்கு அடியில் ஓடும் இழை அறுபடக் கூடாது. தலைமுடி அளவுகூட இல்லாத அந்த இடைவெளியில்தான் அவள் பிழைப்பு நடக்கிறது.

தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். தாள் முதலில் வழவழவென்று ஓடும், பிறகு கரகரவென்று கடிக்கும். அந்தக் கரகரப்பு சீரானதும் கை நின்றுவிடும். அதற்கு மேலும் தேய்த்தால் இழை அறுபடும் மூன்றாவது சத்தம் ஒன்று கேட்கும் என்று சத்தியம் செய்கிறாள். பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒருவருக்கும் அந்தச் சத்தம் இதுவரை கேட்டதில்லை.

பத்தொன்பது வருடம் தேய்த்ததில் அவள் கைரேகை போய்விட்டது. வாசலில் விரல் வைத்து வருகை பதியும் கருவி அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்ளாது. காவலாளி தினமும் நோட்டில் கையால் எழுதுகிறார்: ‘உப்புத்தாள் வந்தாச்சு.’

பசை நாளில் அவள் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாள், முகத்துக்குப் பவுடர் கிடையாது. ஒட்டும் அறைக்குள் யார் நுழைந்தாலும் முதல் கேள்வி, "என்ன தடவியிருக்கீங்க?" மேலாளரையே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்து உள்ளே விட்டவள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துத் தண்ணீர் எப்படி வடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டுக்கொள்வாள். நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, குடிக்கக் கொடுத்த தண்ணீரை டம்ளரில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, "அண்ணி, இதுல கொஞ்சம் பிசுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்த நாத்தனார் இரண்டு வருடம் பேசவில்லை. "நான் டம்ளரைத்தான் சொன்னேன்" என்று அக்கா இன்றைக்கும் அப்பாவியாகச் சொல்வாள்.

துடைக்கும் துணியில் அவள் கெடுபிடி இன்னும் ஒரு படி மேலே. தேய்த்துக் கழுவிக் காய்ந்த கம்பியை, ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். கடைத் துணி பஞ்சு விடும் என்று அதைத் தொடவே மாட்டாள். வீட்டுப் பழைய பருத்திப் போர்வைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, வீட்டிலேயே கொதிக்கவைத்து, காயவைத்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவருவாள். "என் துணியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது" என்று அலமாரியில் பூட்டியும் வைப்பாள்.

இப்படிப்பட்டவளின் தொப்பிதான் இரண்டு வாரத்துக்கு முன்னால் கழன்று வந்தது.

சிறுவர் நீச்சல் குளம் ஒன்றின் உட்கூரையைத் தாங்க, சோதனைக்கு இழுப்பதையும் சேர்த்து, நூற்றிருபது கம்பிகள் கேட்டிருந்தார்கள். குளத்து நீரில் கலக்கும் மருந்தின் ஆவி சாதாரண எஃகுக் கம்பியை அரித்துவிடும், அதனால்தான் கண்ணாடி இழை. முதல் எண்பதில் மூன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஐந்து டன் தாங்கினால் போதும், மூன்றும் ஆறரைக்கு மேல் தாங்கின. மீதி எழுபத்தேழும் முத்திரை குத்திப் பெட்டிக்குள் போயின. அடுத்த நாற்பதில் மூன்றை இழுத்தபோது மூன்று டன்னிலேயே கம்பி தொப்பிக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மூன்றும் அப்படியே.

பட்டறைப் பொறியாளருக்கு ‘ஆணி சார்’ என்று பெயர். எந்தச் சிக்கலுக்கும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒரு ஆணிதான். "அக்கா, குறுக்க ஒரு ஓட்டை போட்டு ஆணி அடிச்சிருவோம். பசையை நம்பி உக்காந்திருக்க வேணாம்" என்றார்.

"ஓட்டை போட்டா அத்தனை இழையும் அறுந்துடும் சார். பிடிக்கிறதுக்காகக் கம்பியையே கொல்லச் சொல்றீங்களே!"

"அப்போ கம்பியைத் தடிமனாக்குவோம். குளத்துக்காரங்க சார்பா ஒரு மேடம் வெள்ளிக்கிழமை வராங்க. அன்னிக்கு மூணு கம்பி தாங்கலைன்னா இனிமே எல்லாமே ஆணிதான். மேலிடத்துலயும் சொல்லிட்டாங்க. ஒட்டுற அறையை மூடிட்டு உங்களை மூட்டை கட்டுற பக்கம் போடுவாங்க." சொல்லிவிட்டு, பாவம், அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள். அவளுக்கு வேகம்தான் பிடித்தது. அழிந்த ரேகைக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "எவனோ நடுவுல பூந்திருக்கான். அவனைப் புடிக்காம விடமாட்டேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பசைக்கு அளவு போடுகிறவனின் தராசைச் சோதித்தாள். சூடேற்றும் பெட்டிக்குள் தனியாக ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். மேலாளரிடம், தலையில் என்ன தடவுகிறார் என்று ஆள் அனுப்பிக் கேட்டாள். இழுக்கும் கருவியை ஓட்டுகிற இழுவை அண்ணன் காலையில் எண்ணெய்ப் பலகாரம் தின்றாரா என்று விசாரித்தபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்… உன்… அறைப் பக்கமே… வரலியேம்மா" என்றார். அவர் கருவி இழுப்பதைவிட மெதுவாகத்தான் அவர் பேச்சு வரும். அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான்.

எதுவும் கிடைக்காமல், கழன்று வந்த கம்பி ஒன்றையே எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தொப்பியைக் கீறிப் பிளக்கச் சொல்லி வாங்கினாள். பசை முழுக்கத் தொப்பியின் உள்சுவரில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியிலோ பேருக்குக்கூட இல்லை. அவளுக்குச் சட்டென்று நிமிர்ந்துகொண்டது முதுகு.

"அப்போ எஃகு மேல தப்பில்லை! பசை மேலயும் தப்பில்லை! கம்பிதான் கையை விட்டிருக்கு!" என்று அறைக்கு வெளியே வந்து கத்தினாள். ஆணி சார் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எழுந்து ஓடிவந்தார்.

இன்னொரு கம்பியை எடுத்துத் தேய்த்தாள், கழுவினாள், தண்ணீர் விட்டு எண்ணினாள். முப்பது வரைக்கும் படலம் கலையவில்லை. காயவைத்தாள், ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். பசைக் கிண்ணத்தை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பத்தொன்பது வருடமாகத் தண்ணீர்ச் சோதனை துடைப்பதற்கு முன்னால்தான். துடைத்த பிறகு ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் துணி மேல் அவ்வளவு நம்பிக்கை.

துடைத்த கம்பியில் தண்ணீரை விட்டாள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. படலம் பிளந்து, முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருண்டது.

அக்கா துணியை மூக்கருகே கொண்டுபோனாள். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் லேசாக ஒரு ரோஜா வாசம். அலமாரியைத் திறந்து, பிரிக்காத கட்டை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டாள். அதில் ரோஜா தூக்கலாகவே இருந்தது. அடுத்த நிமிடம் போன் அவள் காதில் இருந்தது. ஒலிபெருக்கியை அணைக்கத் தோன்றாததால் மொத்தப் பட்டறையும் கேட்டது.

"ஏங்க! என் வெள்ளைத் துணியை யாரு துவைச்சது?"

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளைக் காலையில் விட்டால் மாலை வரைக்கும் வீட்டில்தான். "நான்தான்மா. உனக்கு இடுப்பு வலின்னு சொன்னியே, அப்போலேர்ந்து நான்தானே துவைக்கிறேன்? எப்பவும் போல கொதிக்க வெச்சு, அலசி…"

"அலசி?"

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அலசி என்ன பண்ணீங்க, சொல்லுங்க!"

"கடைசி அலசல்ல ஒரு மூடி வாசனைத் தண்ணி விட்டேன். துணி மெத்துனு ஆகும்னு பாட்டில்ல போட்டிருந்தான். தினம் நீ வரும்போது கையெல்லாம் ஸ்பிரிட் நாத்தம். நாளெல்லாம் அந்தத் துணியைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறியே, அதாவது வாசமா இருக்கட்டுமேன்னுதான்…"

பட்டறையில் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. துணியை மெத்தென்று ஆக்கும் அந்தத் திரவம் நூலின் மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சாகப் படிகிற சரக்கு. ஸ்பிரிட் அதைக் கரைத்துக் கம்பி முழுக்க அழகாகப் பூசியிருந்தது. அச்சு மெழுகை மணிக்கணக்கில் உரித்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் ரோஜா மெழுகைத் தன் கையாலேயே தடவி ஒட்டியிருக்கிறாள் அக்கா.

"நல்லா இருப்பீங்க, போங்க!" என்று கத்தினாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், வந்ததென்னவோ சிரிப்பு. "புடிச்சிட்டேன் சார்! ஆளைப் புடிச்சிட்டேன்! எங்க வீட்டுலயே இருந்திருக்கான்!" என்று ஆணி சாரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவர் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

"எப்போலேர்ந்து விடுறீங்க அந்தத் தண்ணியை?" என்று போனில் கேட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"போன மாசம் வேனை சர்வீஸ் விட்டேனே, அன்னிக்குத்தான் வாங்கினேன். பதிமூணாம் தேதி. மறுநாளே ஒரு கட்டு எடுத்துட்டுப் போனியே."

அக்காவின் சிரிப்பு அங்கேயே நின்றது. ஒட்டிய தேதி ஒவ்வொரு தொப்பியிலும் பொறித்திருக்கும். முதல் எண்பது கம்பியும் பத்தாம் தேதி தொடங்கிப் பதினேழில் முடிந்தவை. இழுத்துப் பார்த்த மூன்றும் பத்தாம் தேதிக் கம்பிகள். பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணினாள். பதினாலு முதல் ஒட்டியவை இருபத்தொன்பது. தேறியதாக முத்திரை வாங்கிப் பெட்டிக்குள் படுத்திருந்தன.

ஆணி சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்போ அதை எடுக்காதீங்கக்கா. முத்திரை குத்தினதுலயே கோளாறுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா, பசையே வேணாம்பாங்க. அப்புறம் ஆணிதான், அறையும் போச்சு. முதல்ல வெள்ளிக்கிழமை தாண்டட்டும்" என்றார். ஆணியை விடாதவரே ஆணி வேண்டாம் என்று கெஞ்சுகிற நிலைமை.

அக்கா பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். புதுப் பருத்தித் துணி வாங்கிவரச் செய்து, பட்டறைத் தொட்டியிலேயே வெறும் தண்ணீரில் ஐந்து முறை அலசினாள். மூன்று கம்பிகளைத் தேய்த்தாள். இந்தத் தடவை துடைத்த பிறகும் தண்ணீர் விட்டு எண்ணிவிட்டு, மறுபடி காயவைத்து ஒட்டினாள். நான்காவதாக ஒன்றை வேண்டுமென்றே ரோஜாத் துணியால் துடைத்து ஒட்டி, சூடேற்றும் பெட்டியில் மற்றவற்றோடு படுக்கவைத்தாள். புதன் முழுக்கப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வியாழக்கிழமை அந்த நாலாவதை இழுவை அண்ணன் இழுத்தார். மூன்று டன்னில், சொல்லி வைத்தாற்போல், வழுக்கி வந்தது. அக்கா குதித்தாள். தான் செய்த பொருள் தோற்றதற்குக் குதித்தவர் அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு என்ற சமாச்சாரமே இல்லை. "கதை வேணாம், இழுத்துக் காட்டுங்க" என்றார்.

முதல் கம்பியை மாட்டி, குறுக்கே கண்ணாடித் தடுப்பை இறக்கினார்கள். அளவை வாசித்துச் சொல்லும் வேலை இழுவை அண்ணனுக்கு. அதைப் போல ஒரு சித்திரவதை வேறில்லை.

"ரெண்டு… டன்னு… ரெண்டரை… மூ…"

"சீக்கிரம் சொல்லுண்ணே!"

"…ணு."

அக்காவின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. மூன்றரை. நாலு. கம்பி வழுக்கவில்லை. ஐந்தைத் தொட்டதும் ஆணி சார் கைதட்டப் போனார், வந்த அம்மா ஒரு விரலைத் தூக்கி நிறுத்தினார். "நிறுத்தாதீங்க. கம்பி போகுதா, பிடி போகுதான்னு பார்க்கணும்."

ஆறு. ஆறரை. கம்பிக்குள் எங்கோ பட், பட் என்று இழைகள் தெறிக்கும் சத்தம் கேட்டது. அக்கா தடுப்பில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். "விடாதே… விடாதேடா…" என்று அவள் கெஞ்சியது கம்பியையா தொப்பியையா, அவளுக்கே தெரியாது. ஏழைத் தொட்ட நொடியில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். எல்லோரும் குனிந்துவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், நட்டநடுக் கம்பி துடைப்பமாகப் பிரிந்து விரிந்து கிடக்கிறது. இரண்டு தொப்பியும் முனைகளை விடாமல் கவ்விக்கொண்டு அப்படியே இருக்கின்றன. கம்பியே செத்துப் போனது, பிடி விடவில்லை.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" அக்கா இழுவை அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். அவர், "பார்த்… தேன்…" என்று முடிப்பதற்குள் இரண்டாவது கம்பியை அவளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதுவும் துடைப்பம். மூன்றாவதும் துடைப்பம். மேலாளர் வந்து நின்று கைதட்டினார். அன்றைக்குத் தலையில் ஒன்றும் தடவாமல் வந்திருந்தார்.

வந்த அம்மா விரிந்த இழைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். தொப்பியின் விளிம்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல பிடி" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "ஆணி வேணாம். பசையே இருக்கட்டும். கடைசி நாற்பதைப் புதுசா பண்ணிக் கொடுத்துடுங்க." ஆணி சார் நீட்டிய தாளை வாங்கி, பேனாவைத் திறந்தார். பிறகு சுவர் ஓரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "அதுல இருக்கிற எழுபத்தேழும் இதே கைவேலைதானே?"

"அதே கைதான் மேடம்" என்றார் ஆணி சார். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அக்காவின் பக்கம் நகர்ந்து வந்து, உதடு அசையாமல் கெஞ்சினார். "ஒரு கம்பி மேல அரை டன்கூட வராதுக்கா. அதுவே மூணு தாங்குது. விட்டுடுங்க."

"இன்னிக்கு மூணு டன் சார்" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்த ஈரத்துல, அந்த வெக்கையில, அஞ்சு வருஷம் தொங்கட்டும். ஒட்டாத இடத்துலதான் தண்ணி பூந்துக்கும். கீழே குழந்தைங்க நீந்துது."

வந்த அம்மாவின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. ஆணி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா நேராகப் பெட்டிகளிடம் போனாள். நாடாவைக் கிழித்து, தொப்பியில் பொறித்த தேதிகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக உருவி, மேசை மேல் கிடத்தினாள். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். மூடி வாயில் இருக்க, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, இருபத்தொம்போது இருக்கு" என்று சொல்லி, முதல் கம்பியில் குத்தியிருந்த முத்திரையின் மேலேயே அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டாள்.